மாதாவைச் சோதித்த அக்கா

அந்த அக்காவுக்குக் கோயிலில் இட்ட பெயர் ஒன்று இருந்தது. கப்பல்துறை ஊரான தலைமன்னார் பியரில் அந்தப் பெயரைச் சொல்லி வீடு விசாரித்திருந்தால் எல்லாரும் கையை விரித்திருப்பார்கள். ‘கவனக்கா வீடு’ என்று கேட்டால் போதும், வலை பொத்துகிறவர் தொடக்கம் ரயிலடியில் கச்சான் கொட்டை விற்கிற மனிசி வரை எழுந்து நின்று வழிகாட்டுவார்கள். எங்களுக்கு வழி கேட்கும் தேவை இருக்கவில்லை. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான் இருந்தது.

‘கவனம்’ என்பது எங்கள் பக்கத்தில் வாசல் கடக்கிற எல்லாருக்கும் சொல்கிற சொல். கிணற்றடிக்குப் போகிறவருக்கும் அதுதான், கொழும்புக்குப் போகிறவருக்கும் அதுதான். சொல்பவர் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, கேட்பவர் காதில் போட்டுக்கொள்வதும் இல்லை. என் அம்மா அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, “கவனமாப் போட்டு வா” என்பார். போனது நானா அப்பாவா என்று பிறகு கேட்டால் அவருக்குத் தெரியாது. கப்பல் ஏறும் இடத்தில் ‘அவதானம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதை வாசித்துக்கொண்டே அந்தப் பலகையின் காலில் இடறி விழுந்தவர்கள் உண்டு.

அக்கா முதலில் ஆளைப் பார்ப்பார். உச்சந்தலையில் தொடங்கி செருப்பு வார் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்ப்பதற்கு ஏதாவது இருந்தால் மட்டும், “கவனம்” என்பார். அந்த ஒரு சொல்தான். எதில் கவனம், ஏன் கவனம் என்பதெல்லாம் கேட்டாலும் லேசில் வாயைத் திறக்க மாட்டார். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். அதனால் அவரிடம் ‘கவனம்’ வாங்காமல் படலையைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு எல்லாம் சரி என்று அர்த்தம். வாங்கியவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

என் பெரியப்பாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுபவர், பெண் பார்க்கப் புறப்பட்டார். தலையில் எண்ணெய், முகத்தில் பவுடர், மடிப்புக் கலையாத சேட். சைக்கிளில் ஏறி மிதியில் காலை வைக்கும் நேரம் வேலிக்கு மேலால், “கவனம் தம்பி” என்று குரல் வந்தது. அண்ணா இறங்கி பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். டயரைக் கிள்ளிப் பார்த்தார். மணியை அடித்தும் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருக்க, திருப்தியோடு போய்ச் சேர்ந்தார். அங்கே பலகாரத் தட்டோடு வந்த பெண் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தட்டோடு திரும்பி உள்ளே ஓடிவிட்டாள். சேட் உள்பக்கம் வெளியே தெரிய, தையலெல்லாம் காட்டிக்கொண்டு இருந்ததாம். அந்தப் பெண்தான் இன்றைக்கு எனக்கு அண்ணி.

‘சேட்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அண்ணா வந்து சண்டை பிடித்தார். அக்கா சிரிக்காமல் சொன்னார்:

“நான் சொன்னா அது என்ர கண். நீர் பாத்தா அது உம்மட கண். எனக்கு ரெண்டு கண் காணும் தம்பி, உம்மடையையும் நான் வச்சிருக்கேலாது.”

கோயிலிலும் அப்படித்தான். திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, விழித்திருப்பதைப் பற்றிப் பிரசங்கம். சுவாமியார் நல்ல மனிதர், ஆனால் பிரசங்கத்தைத் தொடங்கத் தெரிந்த அளவுக்கு முடிக்கத் தெரியாதவர். ஆண்கள் பக்கம் பாதிப்பேர் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார்கள், ஒருவருடைய தியானம் குறட்டை அளவுக்கு ஆழ்ந்துவிட்டது. அந்த நேரம் முன் வரிசையில் இருந்த அக்கா எழுந்தார். விறுவிறுவென்று பீடத்தடிக்குப் போனார். வெக்கையில் வளைந்து, கடதாசிப் பூச்சாடியைத் தொடப்போன மெழுகுதிரியை இரண்டு விரலால் அமத்தி அணைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். சுவாமியாருக்குப் பேச்சு நின்றுவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்ததும், பிரசங்கத்தில் குழப்பியதற்கு ஏதும் விளக்கம் உண்டா என்று கேட்டார். “நீங்கள் சொல்லிக்கொண்டு இருந்தீங்கள் சுவாமி. நான் கேட்டுப்போட்டுச் செய்தனான்” என்றார் அக்கா. அடுத்த ஞாயிறு பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. ஊர் முழுக்க அக்காவை வாழ்த்தியது.

இப்படிப்பட்டவருக்குக் கிடைத்த வேலையும் வாய்த்த வேலைதான். இராமேஸ்வரத்துக்கும் எங்களுக்கும் இடையில் கப்பல் ஓடிய காலம் அது. வருகிற பெண்களைச் சோதிப்பதற்கு சுங்கத்தில் ஒரு பெண் வேண்டும். அந்தப் பெண் அக்கா. வெளிநாட்டுத் துணி நாட்டுக்குள் வராத வருசங்கள் அவை. கடையில் சீலை என்று கேட்டால் கடைக்காரர் உங்களை இரக்கத்தோடு பார்ப்பார். அதனால் அக்கரைக்கு ஒல்லியாகப் போன பெண்கள் கொழுத்துத் திரும்பி வந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து சீலை உடுத்தி, கப்பல் படியில் முழங்கால் மடங்காமல் பொம்மை மாதிரி இறங்குவார்கள். ஒருத்தி இறங்கும்போது இடுப்பைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அக்கா எடுத்த எடுப்பில் யாரையும் தொட்டுச் சோதித்தது கிடையாது. படி இறங்கி வருகிற இடத்தில், சோளகக் காற்று நேராக அடிக்கிற மூலையில், சும்மா நிற்பார். காற்று வந்து கொசுவத்தைத் தூக்கும். பச்சைக் கரைக்குக் கீழே சிவப்புக் கரை, சிவப்புக்குக் கீழே ஊதா. “சோதினை செய்யிறது காத்து. நான் சும்மா பாத்துக்கொண்டு நிப்பன், சம்பளம் மட்டும் எனக்கு” என்பார். அதற்குப் பிறகு மெல்லப் பக்கத்தில் போய், “கவனம்” என்பார். நாலு சீலைக்காரி வெளிறிப்போய், தானாகவே துணி மறைப்புக்குள் போய், தானாகவே ஒவ்வொன்றாக அவிழ்த்து வைத்துவிட்டு, போன மாதிரியே ஒல்லியாக வெளியே வருவாள். யாரையும் அவமானப்படுத்தியதாக ஒரு கதை இல்லை. கையூட்டு வாங்கியதாகவும் இல்லை. அக்கம்பக்கம், சொந்தபந்தம் என்று விட்டுக்கொடுத்ததாகவும் இல்லை. எனக்குப் பயம் பிடித்தது அந்தக் கடைசி விசயத்தில்தான்.

எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் பேசாலை, ரயில் பகுதியில் வேலை. பார்க்க வந்த அன்றைக்கு, பெரியவர்கள் சீதனம் பேசிக்கொண்டிருக்க, அவர் என்னிடம் இந்த வீட்டு நாய் கடிக்குமா என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஏன் பிடித்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பிடித்துவிட்டது. கட்டினால் இவரைத்தான் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் அவருடைய தாயார். மாமி நல்ல மனிசி, ஆனால் சகுனம் என்று வந்தால் எந்தச் சுவாமியார் சொன்னாலும் கேட்கமாட்டார். மன்னாரில் கழுதைக்குப் பஞ்சம் இல்லையே. கழுதை கத்தினால் காரியம் ஆகும், கத்தாமல் குறுக்கே நின்றால் ஆகாது என்பது மாமியின் வேதம். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வரப் புறப்பட்டு, பஸ் நிறுத்தத்தில் ஒரு கழுதை வாய் திறவாமல் குறுக்கே நின்றதால் திரும்பிப்போய் அடுத்த கிழமைதான் வந்தார். அதற்கு முன் மகனுக்குப் பேசிய ஒரு இடம், அந்த வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை கைதவறி உடைந்ததால் முறிந்துபோனது. அப்படிப்பட்டவர் கலியாணக் கூறைச் சீலை எடுக்க அக்கரைக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டார்தான் கூறை எடுக்க வேண்டும். இங்கே கூறை என்று சொல்லும்படி ஒரு துண்டும் இல்லை. வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்திக்கடனும் இருந்தது. பேசாலையிலிருந்து போன யாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்து போனார்.

கூறை பிடிபட்டால் மாமிக்கு அதைவிடப் பெரிய கெட்ட சகுனம் வேறு வேண்டாம். கலியாணம் அத்தோடு சரி. பிடிக்கப்போகிறவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா ஒருநாள் வேலியடிக்குப் போய், கலியாணம், கூறை, கப்பல் என்று சுற்றி வளைத்துப் பேச்செடுத்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வரட்டும் பாப்பம்” என்றார். அவர் வாயில் ‘பாப்பம்’ என்றால் உண்மையிலேயே பார்க்கப்போகிறார் என்றுதான் அர்த்தம். அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாமி வந்த அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. மாமி பின்னாளில் சொன்னதைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் கூட்டியிருப்பார், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

மற்றப் பெண்களைப் போலக் கூறையை உடுத்திக்கொண்டு வர மாமியால் முடியாது. பெண்ணுக்கு முன் வேறு ஒரு உடம்பில் கூறை படக்கூடாது, அதிலும் மாமி தாலி இழந்தவர். பெட்டியில் வைத்தால் பிடிபடும். யோசித்து யோசித்து மாமி ஒரு வழி கண்டுபிடித்தார். வேளாங்கண்ணியில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மாதா சுரூபம் வாங்கியிருந்தார். அங்கே மாதாவுக்குச் சீலை சாத்துவது வழமைதானே. கூறையை நீளத்துக்கு மடித்து மாதாவுக்குச் சுற்றினார், பிறகு இன்னொரு சுற்று, பிறகு இன்னொன்று. மாதா உடுத்தியதை மருமகள் உடுத்துவது குற்றமாகாது, ஆசீர்வாதம். மாதாவின் உடுப்பை அவிழ்க்க எந்த அதிகாரிக்கும் கை வராது. கணக்கு எல்லாம் சரி. ஒன்றரை அடி உயரத்துக்கு பன்னிரண்டு முழத்துக்கு மேற்பட்ட பட்டைச் சுற்றினால் என்ன ஆகும் என்பதை மட்டும் மாமி யோசிக்கவில்லை. மாதா பீப்பா மாதிரி ஆகி, கிரீடமும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, குளிர்காய்ச்சல்காரி போலப் போர்த்துக்கொண்டு கப்பலை விட்டு இறங்கினார்.

அன்றைக்கு இருந்த அதிகாரி புதிதாகத் தெற்கிலிருந்து வந்தவர், தமிழைத் தட்டித் தடவிப் பேசுகிறவர். சுரூபத்தைக் கண்டதும் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, இவ்வளவு பருமன் ஏன் என்று கேட்டார். மாமி மாதாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆம்பிளையள் கை வைக்கக்கூடாது என்று உரத்துச் சொன்னார். யாத்திரைக் கூட்டம் முழுவதும் முணுமுணுக்கத் தொடங்கியது. ஒருத்தி செபமாலையையே தொடங்கிவிட்டாள். அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. விடவும் முடியாது, தொடவும் முடியாது.

அப்போதுதான் அக்கா வந்து நின்றார்.

“சேர், பொம்பிளைப் பயணியளைப் பொம்பிளைதான் சோதிக்க வேணும். இவவும் பொம்பிளைதானே. மறைப்புக்குள்ள கொண்டு போறன்.”

அதிகாரி அவரை ஒரு தேவதூதனைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தலையாட்டினார்.

மறைப்புக்குள் போனதும் அக்கா சுரூபத்தைத் தொடவில்லை. மாமியைப் பார்த்தார். மாமியை மர வாங்கில் இருத்தி, வெளியே யாரிடமோ சொல்லி ஒரு பிளேன்டீயும் பணிசும் எடுப்பித்தார். கண் உள்ளே போயிருந்ததாம், உதடு காய்ந்திருந்ததாம். வீட்டு வாசல் மிதிக்கும்வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று நேர்த்தி என்றார் மாமி. “நேர்த்தி மாதாவுக்குத்தானே அம்மா? அவ இந்தா இருக்கிறா. கேட்டுப்போட்டுக் குடியுங்கோ” என்றார் அக்கா. மாமி கேட்டார். மாதா வேண்டாம் என்று சொல்லவில்லை. பணிசைத் தேத்தண்ணியில் தோய்த்து முழுவதும் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் மாமிக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார். மகனுக்குக் கலியாணம், கூறை, பெண் நல்ல பிள்ளை, பியரில்தான் வீடு. அந்தப் பெண் தன் வேலிக்கு அடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று அக்கா வாயைத் திறக்கவில்லை. மாமி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே அக்கா வேலிக்கு மேலால் அவரை அடையாளம் பிடித்திருந்தார்.

“அம்மா, கலியாணத்துக்கு ஒரு கூறை கொண்டு வாறதை ஆரும் பறிக்கிறேல்ல. ஒளிச்சாத்தான் பறிக்கிறது. நீங்களே வெளியால போய் உங்கட வாயால சொல்லுங்கோ. நான் பக்கத்தில நிப்பன்.”

மாமி வாங்கை விட்டு எழுந்தார். சொன்னால் போய்விடுமோ, சொல்லாவிட்டால் போய்விடுமோ என்று மாதாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தலையாட்டினார். அக்கா தன் கைப்பையிலிருந்து கோயிலுக்குப் போடும் முக்காட்டை எடுத்து விரித்து, சுரூபத்தை முழுவதும் மூடினார். மூடிய துணிக்குள் கையை விட்டுத்தான் கூறையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். அவிழ்க்கும்போது வாய்க்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னார். மாதாவின் மேனியில் ஒரு கண்கூடப் படவில்லை. மாமி இந்தக் கட்டத்துக்கு வரும்போது எத்தனை வருசமானாலும் எழுந்து நின்றுதான் சொல்வார்.

வெளியே வந்து மாமி சொன்னார். அதிகாரி கூறையையும் பார்த்தார், மாமியையும் பார்த்தார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். அதில் வேளாங்கண்ணி எண்ணெயும் பொரியும் தவிர வேறு ஒன்றும் இல்லை. மகன் மூத்தவனா இளையவனா என்று மட்டும் கேட்டுவிட்டு, கொண்டு போங்கள் என்று கையைக் காட்டினார். அக்கா கூறையைத் தானே மடித்து, தானே கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். கலியாணத்தன்று வரை மடிப்பைக் கலைக்க வேண்டாம், கலைத்தால் கரை சுருங்கும் என்றார். பிறகு மாமியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, “கவனம்” என்றார்.

எங்கள் வீட்டுக்குக் கதை வந்தது வேறு விதமாக. மூட்டை தூக்குகிற ஒருவர் ஓடிவந்து, உங்கள் சம்பந்தியைப் பிடித்துவிட்டார்கள், பிடித்தது உங்கள் கவனக்காதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா பின்னேரம் வரை பொருமினார். அக்கா வேலையால் வந்ததும் வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, நீயும் ஒரு மனிசியா என்று தொடங்கினார். “கவனம் அக்கா” என்றார் அவர் அம்மாவைப் பார்த்து. கவனமும் மண்ணாங்கட்டியும் என்று அம்மா இன்னும் பலமாக உலுக்க, கிடுகுக்குள் இருந்த முள்ளுக்கம்பி சீலையை முழங்கால் வரை கிழித்துவிட்டது. அதற்குமேல் சண்டையை நடத்த அம்மாவால் முடியவில்லை. நான் உள்ளே குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தேன். மறுநாள் மாமி ஆள் அனுப்பி, கூறை பத்திரமாக வந்துவிட்டது, வரும்போது வாசலில் கழுதை ஒன்று வாய் கிழியக் கத்தியது, கலியாணத்தை முந்தியே வைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கலியாண நாள் வந்தது. கூறையை முதல் நாள் சுவாமியார் மடித்தபடியே மந்திரித்துக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் தங்கை, என் மச்சாள், வந்து உடுத்திவிடுவது முறை. அவள் வருவதற்கு முன், வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில், அக்கா வந்து அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். யாரும் அழைக்கவில்லை. மச்சாள் வந்து கதவைத் தட்டினாள். இது தன் உரிமை என்றாள். “எத்தினை சீலை அவிட்டுப் பாத்திருக்கிறன் பிள்ளை. ஒண்டை உடுத்திவிடத் தெரியாதோ எனக்கு?” என்றார் அக்கா உள்ளே இருந்து. அம்மா கெஞ்சிப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. எனக்கும் எரிச்சல்தான். கலியாணப் பெண்ணின் மாமி வீட்டாரை வாசலில் நிறுத்தி வைக்கிற நேரமா இது?

அக்கா வழமைக்கு மாறாகத் தலைப்பைத் திருப்பி, ஒரு மடிப்பை உள்ளுக்கு மடித்து, இடது கமக்கட்டுக்குக் கீழே நாலைந்து ஊசி குத்தினார். வேலை முடிந்ததும் என் காதுக்குள் சொன்னார்:

“இந்தக் கையைத் தூக்காதை பிள்ளை. கவனம்.”

ஏன் என்று கேட்கத் துணிவு வரவில்லை. பூசை முடியும்வரை இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். கும்பிடும்போதும் கால்வாசிதான் தூக்கினேன். படத்தில் நான் அணிவகுப்பில் நிற்கும் பொலிஸ்காரி மாதிரி நிற்பதைப் பார்க்கலாம். எனக்கு இந்தக் கலியாணம் பிடிக்கவில்லையோ என்று மாப்பிள்ளை பாவம் பயந்துபோனாராம். மாமி முன் வரிசையில் இருந்து என் சீலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போகப்போக அவர் முகம் மலர்ந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். மருமகள்மேல் இவ்வளவு பாசமா என்று நான் நினைத்தேன்.

பின்னேரம் கூறையை மாற்றும்போதுதான் கண்டேன். உள்ளுக்கு மடித்த இடத்தில், ஒரு வெற்றிலை அளவுக்கு நீலம். புதுச் சுரூபத்தின் சாயம், கடல் ஈரத்துக்கு இளகி, பட்டில் ஒட்டியிருந்தது. எல்லாரும் உடுத்துகிற மாதிரி உடுத்தியிருந்தால் அது நெஞ்சுக்கு நேரே வந்திருக்கும். கூறையில் கறை. கோப்பை உடைந்ததற்கே சம்பந்தத்தை முறித்த மாமி பீடத்துக்கு முன்னால் இதைக் கண்டிருந்தால் கலியாணம் அங்கேயே நின்றிருக்கும்.

அடுத்த நாள் விருந்துக்கு அம்மா வீட்டுக்கு வந்ததும் நேரே வேலியடிக்குத்தான் போனேன். கூறையை அவிழ்க்கும்போதே கண்டுவிட்டதாக அக்கா சொன்னார். அப்போதே மாமியிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“அந்த மனிசி அப்பதான் ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சுக் கண் தெளிஞ்சு இருக்குது. அந்த நேரம் கறையைக் காட்டுறதோ? பாக்கிறது மட்டும் கவனம் இல்லைப் பிள்ளை. எப்ப சொல்லுறது, எப்ப வாயை மூடுறது எண்டு பாக்கிறதும்தான்.”

அவர் தன் சொல்லுக்கு விளக்கம் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் அவர் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அழுதேன். அவர் மூக்கைத் துடை என்றார்.

கதை இத்தோடு முடியவில்லை. மாமி வீட்டுக்குப் போய் மாதாவை அலுமாரி மேல் வைத்துப் பார்த்தபோது, தோளில் ஒரு இடத்தில் நீலம் உரிந்து வெள்ளைச் சாந்து தெரிந்திருக்கிறது. சாயம் கூறையில்தான் போயிருக்க வேண்டும். மடிப்பைக் கலைத்துப் பார்க்கப் பயம், யாரிடமும் சொல்லவும் பயம். கலியாணத்தன்று பூசை முழுவதும் அந்தக் கறையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கறை இல்லை. மாதாவின் தோளில் இருந்து போன சாயம் மருமகளின் கூறையில் இல்லை. அப்படியென்றால் எங்கே போனது?

மாதா செய்த புதுமை என்று மாமி முடிவு கட்டினார்.

ஒரு மாதத்துக்குள் பேசாலை முழுவதும் தெரிந்துவிட்டது. சுரூபத்தைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் வந்தார்கள். வங்காலையிலிருந்து ஒரு வான் பிடித்து வந்தார்கள். சுவாமியார் வந்து பார்த்து, செபிப்பது நல்லது, அவசரப்பட்டு எதையும் சொல்லவேண்டாம் என்று நழுவினார். மாமி ஒவ்வொருவருக்கும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அக்காவும் அந்தக் கூட்டத்தோடு வந்தார். மாமி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, இவதான், மாதாவுக்கு மரியாதை செய்த பிள்ளை இவதான் என்று எல்லாருக்கும் காட்டினார். புதுமையைப் பற்றி அக்காவின் வாயால் ஏதாவது கேட்க எல்லாரும் காத்திருந்தார்கள். அக்கா சுரூபத்தை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். “கவனம்” என்றார். ஊர் அதை ஒரு தீர்க்கதரிசனமாக எடுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தது. அலுமாரியின் பின்கால் ஒன்று உளுத்துப்போயிருந்ததைக் கூட்டம் கலைந்த பிறகு நான்தான் கண்டு முட்டுக் கொடுத்தேன்.

பிறகு கப்பல் நின்றது. அக்கா முருங்கனில் தம்பி வீட்டோடு போய் இருந்தார். கலவரமும் ஓட்டமுமாக நாங்கள் ஒவ்வொரு திக்கில் போய், நான் உப்புக்குளத்தில் வந்து குடியேறிய போது அவர் இல்லை என்று கேள்விப்பட்டேன். செத்த வீட்டுக்குக்கூடப் போகக் கிடைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஓடிய இடமெல்லாம் கூறையை எடுத்துக்கொண்டு ஓடினேன், மாமியும் மாதாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். என் மகளுக்குக் கலியாணம் வந்தபோது, அம்மாவின் கூறையையே உடுத்தப்போகிறேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பெட்டியைத் திறந்து கூறையை எடுத்துக் கட்டிலில் விரித்திருக்கிறாள். நான் திரும்பி வரும்போது மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கிட்டக் கதிரையில் இருந்தார். வெற்றிலை அளவு நீலத்தின்மேல் அவருடைய விரல் இருந்தது.

எத்தனை வருசமாக அந்த மனிசி சொல்லிக்கொண்டிருந்த புதுமை. அதைக் கேட்டு எத்தனை பேர் முழங்காலில் விழுந்தார்கள். கூடையை வைத்துவிட்டு நிலத்தில் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

“ஆர் மறைச்சது?” என்று கேட்டார் மாமி.

சொன்னேன். அக்கா மறைப்புக்குள்ளேயே கண்டதை, மடித்துக் கொடுத்ததை, விடிய எழும்பி வந்து கதவைச் சாத்தியதை, ஊசி குத்தியதை, கையைத் தூக்காதே என்றதை, எல்லாம் சொன்னேன். மாமி விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் நெடுநேரம் துடைத்தார்.

“அப்ப புதுமை நடந்தது உண்மைதான் பிள்ளை” என்றார். “ஆர் செய்தது எண்டுதான் நான் இவ்வளவு காலமும் மாறிச் சொல்லிப்போட்டன்.”